வெள்ளைக்குக் கப்பல்! சிவப்புக்கு ரயில்!

டெலிபோன் அலறியது!

மேல மாசி வீதி. வைகை போக்குவரத்துக் கம்பெனி ஆபீஸ். காரியதரிசி அனந்தராமன் ரிசீவரை எடுத்தான்.

"இன்ஸ்பெக்டர் சோணைமுத்து பேசுறேன். ஒங்க கம்பெனி இன்ஜினியர் தவசி போயிட்டாரு சார்!"

"என்னது...?"

"ஆனையூர் கண்மாய்க்குக் காலையில குளிக்கப் போயிருக்காரு. ரெண்டு பேரு தண்ணிக்குள்ள வச்சு அமுக்கிட்டாய்ங்க. இருங்க... நேர்ல வாரேன்."

அனந்தராமன் ரிசீவரை வைத்தான்.

நேற்றுச் சாயங்காலம் இதே மேஜைக்கு எதிரில் நின்றுதான் தவசி பேசினான். தூத்துக்குடியில் விலைக்கு நிற்கும் கப்பலைச் சோதித்துவிட்டு ரயிலிலிருந்து நேரே வந்திருந்தான்.

"சார், மேல புதுப் பெயின்ட்டு. அடியில பூராத் துரு! தட்டுனா உதிருது. அதை வாங்குனா ஜனங்களோட முங்கிப்போகும். நாளைக்கு டைரக்டருங்க முன்னாடி சொல்லிப்புடுறேன்."

"பேஷா சொல்லும்" என்று அவனை அனுப்பிவிட்டு, அடுத்த நிமிஷமே கப்பல் தரகனுக்கு ஆள் விட்டான் நம் உத்தமன்!

ஏன்?

கப்பல் விலைபோனால் தன் கொழும்பு ஆபீஸில் அவனுக்கு மானேஜர் வேலை என்று தரகன் ஆசை காட்டியிருந்தான். மாமா வீட்டுச் சாப்பாடு, மாமா போட்ட வேலை என்கிற ஊர்ப்பேச்சிலிருந்து தப்பிக்க அதைவிட நல்ல வழி ஏது?

'ஒரு நாள் தடுத்து வை' என்றுதான் சொல்லி அனுப்பினான். கொல்லச் சொல்லவில்லை... சத்தியமாகச் சொல்லவில்லை!

சொல்லாவிட்டால் என்ன? ஆளைக் காட்டிக் கொடுத்தது அவன்தானே! வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிடப் பெரிதாகப் பயம். கப்பல் விலைபோகாவிட்டால் தரகன் அவனையும் சேர்த்து இழுத்துவிடுவான்.

"அனந்து! தவசி போயிட்டானாமேடா!"

சேர்மன் சிவசங்கரன் பதறிக்கொண்டு உள்ளே வந்தார். அனந்தராமனின் தாய்மாமா.

"கப்பல்னு பாதிப் பேர். மேற்கே போடப்போற கிளை ரயில்ல முதல் போடலாம்னு பாதிப் பேர். தவசி வந்து சொல்லட்டும்னு காத்துண்டிருந்தோம். கப்பல்காரன் கெடுவோ இன்னியோட சரி. நான் என்னடா பண்ணுவேன்?"

பின்னாலேயே வந்தார் விருமாண்டி. பரவைப் பக்கத்துப் பருத்தி விவசாயிகளின் சார்பில் டைரக்டர்.

"எங்காளுக பருத்தி வித்த காசைப் போட்ருக்காய்ங்க, சாமி. போன எடம் தப்பாப் போச்சுன்னா வெதைக்குக்கூட மிஞ்சாது. திருப்பரங்குன்றம் போயிப் பூக்கட்டிப் பாத்துருவோம். வெள்ளைன்னா கப்பலு. செவப்புன்னா ரயிலு. முருகன் சொல்லட்டும்!"

"நானும் வாரேன்."

வாசலில் இன்ஸ்பெக்டர் சோணைமுத்து!

கோயில் வாசல் பூக்கடையில் நந்தியாவட்டையும் செவ்வரளியும் வாங்கினார் விருமாண்டி. இரண்டு இலைத் துண்டுகளோடு அனந்தராமனிடம் நீட்டினார்.

"நீங்களே கட்டுங்க, சாமி. ஒங்க கை சுத்தமான கை."

சுருக்கென்றது அனந்தராமனுக்கு. அந்த மனிதர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சுத்தமான கை தூணுக்குப் பின்னால் போனது. இரண்டு இலையிலும் வெள்ளை நந்தியாவட்டையையே வைத்துக் கட்டியது. செவ்வரளியை மடியில் ஒளித்தது.

'முருகா, மன்னிச்சுடு!' என்று வேண்டிக்கொண்டான். ஏமாற்றுகிற சாமியிடமே மன்னிப்பு!

சன்னதி. பட்டர் பொட்டலங்களைத் தட்டில் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். தீபாராதனை காட்டினார். ஒரு பொட்டலத்தோடு வெளியே வந்தார்.

பிரித்தார்...

சிவப்பு!

"அதெப்படி?" அனந்தராமன் கத்தியே விட்டான். "ரெண்டுலயும் வெள்ளைதானே..."

நாக்கைக் கடித்துக்கொண்டான்.

டூ லேட்!

"ரெண்டுலயுமா?" மாமா சட்டென்று திரும்பினார். "என்னடா சொல்றே?"

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "பட்டர் பிரிச்சது நான் குடுத்த பொட்டலம். செவப்பைப் பாத்துட்டு யாரு திடுக்கிடுறான்னு பாக்கணும்ல? தரகனையும் அவன் ஆளுகளையும் தூக்கியாச்சு. ஒங்க பேரைச் சொல்லுறான். அவன் சொல்லு ஒண்ணை மட்டும் வச்சு என்ன செய்ய? இப்ப ஒங்க வாயே சொல்லிருச்சு."

"நான் கொல்லச் சொல்லலை! ஒரு நாள் தடுத்து வைன்னு மட்டும்தான்..."

"அக்கா பிள்ளைன்னு நம்பினேனேடா!" சிவசங்கரன் அங்கவஸ்திரத்தால் முகத்தை மூடிக்கொண்டார்.

விருமாண்டி கத்தவில்லை. கை ஓங்கவில்லை.

"இம்புட்டு நாளா சாமி சாமின்னு கூப்ட்டேனே... இந்த வாயை எங்க போயிக் கழுவ?"

அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அனந்தராமனுக்கு. தலை குனிந்தது. மடியிலிருந்து செவ்வரளி ஒவ்வொன்றாக உதிர்ந்தது. அதை எல்லோரும் பார்த்தார்கள்.

விலங்கை எடுத்தார் இன்ஸ்பெக்டர். "கப்பல் ஓட்டைன்னு தவசி ஒங்க ஒருத்தர்கிட்டத்தான் சொல்லியிருக்காரு. விடியவும் ஆள் வந்துருச்சு."

அனந்தராமன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். "எ... என்கிட்ட மட்டும்தான் சொன்னார்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"தவசிதான்."

எதிர்த் தூணுக்குப் பின்னாலிருந்து வந்தான், தலையில் கட்டோடு... தவசி!

அனந்தராமன் அவனிடம் ஓடினான். அழுகை வெடித்தது. மாட்டிக்கொண்டதற்கு அல்ல. "தவசி! நீர் உயிரோட இருக்கீரா? இருக்கீரா?" என்று அவன் காலைக் கட்டிக்கொண்டான். அன்று அவன் வாயில் வந்த ஒரே சுத்தமான வார்த்தை அதுதான்.

தவசி அவனைத் தூக்கி நிறுத்தினான்.

"கடலோரத்துல பொறந்தவனைக் கண்மாயில போட்டு அமுக்குனாய்ங்க. மூச்சடக்கி அக்கரைக்குப் போயி, நேரா இன்ஸ்பெக்டர்கிட்டச் சொல்லிட்டேன். முங்கிப்போறது நீங்க வாங்கச் சொன்ன கப்பல்தான் சார்... நானில்ல!"