எட்டாம் தடிமன்

நிலவில் இருக்கும் புதுக்காயல் நகரில், தடித்த எழுத்தைப் பார்ப்பதற்கு வயது வரம்பு உண்டு. பதினாறு நிரம்பியதும் கண்ணுக்குப் பின்னால் ஒரு கிளர்சில்லைப் பொருத்திவிடுவார்கள். எழுத்து எவ்வளவு தடிமனோ அவ்வளவு உற்சாகத்தை அது மூளைக்குள் சுரக்க வைக்கும். மெல்லிய எழுத்துக்கு ஒரு சின்னப் புன்னகை வரும். எட்டாம் தடிமனில், வளைவு நெளிவில்லாத கட்டை எழுத்தைக் கண்டால் நெஞ்சு படபடக்கும். விளையாட்டு விளம்பரங்களுக்கு மட்டுமே அந்தத் தடிமன் அனுமதி.

நப்பின்னை, காயல் சுறாக்கள் என்ற கபடி அணிக்கு விளம்பரம் வரைபவள். எழுத்து படிப்பதற்குத்தான் என்று நம்பிய, அநேகமாக ஊரின் கடைசி ஆள். நாள், நேரம், நுழைவாயில் எல்லாவற்றையும் மெல்லிய எழுத்தில் தெளிவாகப் போடுவாள். போன ஆட்டத்துக்கு வந்தவர்கள் நாற்பத்தொரு பேர். அதில் பதினான்கு பேர் ஆட்டக்காரர்களின் மாமியார் வீட்டார்.

மேலாளர் சாகுல் ராவுத்தர் அவள் மேசைக்கே வந்துவிட்டார்.

"இந்தத் தடவையும் கூட்டம் வரலன்னா அணியக் கலைச்சிருவாங்கம்மா. மைதானத்துல காளான் போடப் போறாங்களாம். கட்ட எழுத்துல போடு."

"போடலாம் சார். ஆனா 'ழ'வோட சுழி அடைஞ்சிரும். புள்ளி இருக்கிறதே தெரியாது."

"புள்ளிய எவன் கேட்டான்?"

அவள் மனமில்லாமல் வரைய உட்கார்ந்தபோது செய்தி வந்தது. எதிரணி வரவேண்டிய விண்கலம் பழுது, ஆட்டம் ரத்து. ராவுத்தர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஜனங்கள் வந்து ஏமாறக் கூடாதே என்று நப்பின்னை, வாழ்க்கையில் முதல்முறையாக, எட்டாம் தடிமனைத் தொட்டாள். 'ஆட்டம் ரத்து. யாரும் வர வேண்டாம்.' நகரின் சுவரெல்லாம் அது ஏறியது.

மறுநாள் ஒன்பதாயிரம் பேர் வந்தார்கள்.

முகத்தில் சாயம், வாயில் ஊதல். காலி மைதானத்தைப் பார்த்துக் கைதட்டினார்கள். நப்பின்னை பதறிப்போய், பெரிய பலகையில் இன்னும் பெரிதாக 'வீட்டுக்குப் போங்கள்' என்று போட்டாள். மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. வேறு வழியில்லாமல் சுறாக்கள் தங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடினார்கள். கூட்டத்தோடு வந்திருந்த நகரசபைத் தலைவி ஒலிபெருக்கியைக் கையில் வாங்கி, அணிக்கு இன்னும் ஐந்து வருடம் ஆயுள் கொடுத்தாள். ராவுத்தர் அழுதேவிட்டார்.

நப்பின்னைக்குத்தான் பொறுக்கவில்லை. சில்லு நிலையத்தைக் கூப்பிட்டாள்.

"சார், அந்தச் சில்லக் கொஞ்ச நேரம் நிறுத்துங்க. இங்க ஒருத்தரும் தன் நினைவுல இல்ல."

"எதம்மா நிறுத்தச் சொல்றீங்க?" என்றார் அங்கிருந்த அதிகாரி. "ஊர் பூரா சில்லு ரெண்டு நாளா ஓடலையே. பராமரிப்பு வேலை நடக்குது. உங்க ஆபீஸ் வாசல்லகூட நோட்டீஸ் ஒட்டியிருந்தோம்."

"எங்க வாசல்லயா?"

"ஆமாம்மா. மெல்லிசா, நல்லாத் தெளிவா எழுதி. நீங்க படிக்கலையா?"