ஓரியன் மேகத்தின் சிவப்பு

1960 பிப்ரவரி 18, காலை 6.40. காஜா பேராங் என்ற மலாய் ஊரில், ஆசிரியர் பொன்னுதுரையின் வீட்டுக்குச் சமைக்க வந்த அஞ்சலை, மாடிப்படியடியில் அவர் பிணமாகக் கிடப்பதைக் கண்டு அலறினாள்.

8.15. இன்ஸ்பெக்டர் தேவதாஸ் வந்தார். பிடரியில் அடி. “விழுந்த காயமில்லை” என்றார் டாக்டர். இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் கதவு. வெளியிலிருந்து திறக்க இரண்டு சாவிகள்: ஒன்று பிணத்தின் பையில், மற்றது அஞ்சலையிடம்.

மேசையில் பாதிக் கடிதம்: ‘தலைமையாசிரியர் அவர்களுக்கு, தேர்வுத்தாள் வெளியே போனது பற்றி...’ பக்கத்தில் டெலஸ்கோப்பில் பார்த்ததை வரைந்த நோட்டுப் புத்தகம். செவ்வாய்க்கு ஆரஞ்சு, வியாழனுக்கு மஞ்சள். நட்சத்திரங்களுக்கிடையே ஒளிரும் வாயுத்திரளான ஓரியன் மேகத்துக்கு மட்டும் வெறும் கரிப்பென்சில்.

“நேத்து ராத்திரி எட்டு மணிக்குத் தோசை கொண்டாந்தேன்யா” என்றாள் அஞ்சலை. “உள்ள ரெண்டு பேரு சத்தம் போட்டுக்கிட்டு இருந்தாங்க. பயந்து திரும்பிட்டேன்.”

“யார் யாரு?”

“ஒண்ணு வாத்தியாரு கொரலு. இன்னொண்ணு தெரியலைங்க.”

9.30. பொன்னுதுரையின் பள்ளியிலேயே வேலைபார்க்கும் ஆசிரியர் கருணாகரன் விசாரணைக்கு வந்து உட்கார்ந்தார். அவர் தலைக்கு மேலே சுவரில், அமெரிக்கப் பத்திரிகையிலிருந்து வெட்டியெடுத்த ஓரியன் மேகத்தின் வண்ணப்படம்.

“நேத்து ராத்திரி ஏழரையிலேர்ந்து ஒன்பது வரைக்கும் நான்தான் அவரோட இருந்தேன் சார். சண்டையா? மாடியில ஓரியன் மேகத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தோம். செம்பருத்தி மாதிரி சிவப்பு சார்! ஓரத்துல நீலம்.”

“கண்ணால பார்த்தீங்களா?”

“இதே ரெண்டு கண்ணால. கிளம்புறப்போ வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினாரு. இன்னொரு சாவி அந்த அஞ்சலைகிட்டதானே இருக்கு?”

படித்தவர், பதறாமல் பேசினார். அன்று பகலே அஞ்சலை லாக்கப்புக்குப் போனாள். ஆனால் தேவதாஸுக்கு அந்தக் கரிப்பென்சில் படம் உறுத்தியது. நோட்டுப் புத்தகத்தை மறுபடி மறுபடி புரட்டினார்.

மறுநாள் இரவு 7.50. கருணாகரனை மொட்டைமாடிக்கு அழைத்துப்போய் டெலஸ்கோப்பின் முன் நிறுத்தினார்.

“ஓரியன் மேகத்துக்குத்தான் திருப்பி வச்சிருக்கேன். பாருங்க சார்.”

கருணாகரன் குனிந்தார்.

“சிவப்பு எங்கே இருக்கு?” என்று கேட்டார் தேவதாஸ்.

கருணாகரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார்.

“எனக்கும் தெரியல. ஊதிவிட்ட சாம்பல் மாதிரிதான் தெரியுது. கேமரா வெளிச்சத்தை ரொம்ப நேரம் சேர்த்து வச்சுச் சிவப்பைப் பிடிக்குது. நம்ம கண்ணுக்கு அது முடியாது. அதனாலதான் கலர்ப் பென்சில் கையில இருந்தும் அவரு கரியால வரைஞ்சாரு. நீங்க சொன்ன சிவப்பு கீழே சுவத்துல இருக்கு. அன்னைக்கு நீங்க இதுல பார்க்கவே இல்ல. தேர்வுத்தாளை வித்தது நீங்கதானே? அஞ்சலை கேட்டது உங்க சண்டையைத்தான். அடிச்சிட்டு, கதவை இழுத்துச் சாத்திட்டுப் போனீங்க.”

கருணாகரன் தரையில் உட்கார்ந்துவிட்டார். “காலைல கடிதத்தைக் குடுத்துடுவேன்னாரு சார். கால்ல கூட விழுந்தேன். கேக்கல.”

9.05. லாக்கப் கதவைத் தேவதாஸே திறந்தார். “நீ வீட்டுக்குப் போகலாம்மா.”

அஞ்சலை எழுந்தாள். ஆனால் வெளியே வரவில்லை.

“நான் சத்தம் கேட்டேன்னு நேத்தே சொன்னேனே, ஐயா. ஏன் நம்பல?”

தேவதாஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.