செஜெமின் காது

"அப்பா, ரெண்டு பேரு ஒரே நேரத்துல பேசினா செஜெம் சாமி யாரு சொல்றதக் கேக்கும்?" என்று மகள் தாவெரி ஒருமுறை கேட்டாள்.

"பக்கத்துல இருக்கிறவன் சொல்றத," என்று சிரித்தான் கென்னா.

இன்று மன்னரின் கல்லறைச் சுவரில் அந்தக் கேட்கும் தெய்வத்தைத்தான் அவன் செதுக்கிக்கொண்டிருந்தான். காதைக் கடைசியில்தான் திறக்க வேண்டும். திறந்ததும் மன்னரின் பெயரை அதில் ஓத வேண்டும். அதற்கு முன் உயிருள்ளவன் பேச்சு அதில் விழுந்தால், அங்குள்ளவர்கள் குரலையெல்லாம் சாமி விழுங்கிவிடும் என்பார்கள்.

"காதையாச்சும் ஒழுங்கா வெட்டு. போன தடவ கழுதக் காது," என்றான் நடைவழியில் கல் உடைத்த ஹுயி.

"உன் காதுக்கு அது தேவலடா," என்றான் கென்னா, கடைசிக் கொத்து விழுந்த கணத்தில்.

அந்தக் குரல் எதிரொலிக்கவில்லை. சுவர் அதை விழுங்கியது.

மறுகணம் கூரை சரிந்தது. சுண்ணாம்புத் தூசியும் கருகிய எண்ணெயும் நாறும் இருட்டில், அணையாத ஒற்றைத் திரியின் வெளிச்சத்தில், உளியும் வாசலும் கற்குவியலுக்குள் புதைந்துபோனதைக் கண்டான். கத்தினான். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. கல்லிடுக்கு வழியே ஹுயியின் முகம் தெரிந்தது. அவன் நசுங்கிய காலோடு வாய் திறந்து அலறினான். ஓசை இல்லை.

வெளியே ஆட்கள் பேசிக்கொண்டது மட்டும் தெளிவாக வந்தது. "ஒரு சத்தமும் இல்லயே. வாங்கப்பா, மிச்சமும் விழுந்திரும்."

கழுதைகள் தண்ணீர் கொண்டுவராத நாள் ஒன்று கென்னாவுக்கு நினைவு வந்தது. காய்ச்சலில் கிடந்த தாவெரிக்குத் தன் குடத்தையே கொடுத்துவிட்டு, வறண்ட உதட்டோடு வேலைக்குப் போனவன் இந்த ஹுயி.

பக்கத்தில் இருக்கிறவன் சொல்வதைத்தான் அது கேட்கும்; அப்போது மற்றவன் குரல் தப்பும்.

கென்னா சுவரின் காதில் வாய் வைத்துப் பேசத் தொடங்கினான். மகளின் பெயர். வீட்டு வாசல். ரொட்டியின் மணம். நிறுத்தாமல்.

ஹுயியின் அலறல் முதன்முறையாக வெடித்தது.

"உசுரோட இருக்கான்! தோண்டு!"

மயங்கிய ஹுயியை இழுத்துச் சென்றார்கள். மேலும் கற்கள் விழுந்து இடுக்கை அடைத்தன.

"கென்னா? உள்ள இருக்கியாப்பா?"

முழு உயிரையும் திரட்டிக் கத்தினான்.

"பாவம். போயிட்டான்."

காலடிகள் தேய்ந்தன. 

அமைதி.

உதட்டில் பட்ட கல் வெதுவெதுப்பாக இருந்தது. திரி துடித்தது. செதுக்கிய காதின் அருகே, உளி படாத இடத்தில், அவனுடைய அடுத்த சொல்லுக்காக இன்னொரு காது மெல்ல விரிந்துகொண்டிருந்தது.