மச்சான் பிடி

ஈவாஞ்சலின் மதிய ட்யூட்டிக்கு வந்தபோது துறைமுகச் சாலையில் மழை வலுத்திருந்தது. உப்பு லாரிகள் தார்ப்பாய் போர்த்தி வரிசையாக நின்றன. குடையை உதறிவிட்டு இருதய வார்டுக்குள் நுழைந்தவளுக்கு மூன்றாம் கட்டிலிலிருந்து டாக்டர் கிருபாநிதியின் குரல் கேட்டது.

"கையைக் கழுவிட்டு கிளவுஸ் போட்டு வாங்க. சீக்கிரம்."

கட்டிலில் ரோச் படுத்திருந்தார். திரேஸ்புரத்தில் சங்கு குளிப்பவர். காலையில் வலது தொடை வழியாக மெல்லிய குழாயை இருதயம் வரை செலுத்தி அடைப்பை எடுத்திருந்தார்கள். அது நல்லபடியாக முடிந்தது. குழாயை உருவும்போதுதான் தொடையிடுக்கில் ஓடும் பெரிய ரத்தக்குழாய் கிழிந்துவிட்டது. கிழிசலை உள்ளிருந்து மூடும் உறை போட்ட ஸ்டென்ட் அந்த ஆஸ்பத்திரியில் கைவசம் இல்லை. திருநெல்வேலியிலிருந்து காரில் வந்துகொண்டிருந்தது. அதுவரை ஒருவர் கையால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

"ஓட்டை மேலயே அமுக்காதீங்க, அதுக்கு ரெண்டு விரல் தள்ளி மேல அமுக்குங்க" என்றார் டாக்டர். "ரத்தம் வரக் கூடாது. ஆனா பாதத்துல நாடி துடிக்கணும். விட்டா ஆள் போயிடுவாரு. ரொம்ப இறுக்கினா கால் போயிடும்."

அவர் விரல்களை எடுக்க, அவள் விரல்கள் அந்த இடத்தில் அமர்ந்தன. உள்ளே, குழாய் செலுத்தும் அறையில், வேறொரு நோயாளி மேசையில் காத்திருந்தார். வார்டிலிருந்த இன்னொரு நர்ஸையும் அழைத்துக்கொண்டு டாக்டர் போய்விட்டார்.

ரோச் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த ஊரும்மா?"

"நாசரேத்து, அண்ணாச்சி."

"வாத்தியார் வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்க. இந்தக் கை தாங்குமா? என் மச்சான் இருந்தா விடிய விடிய அமுக்குவான்."

கால்மாட்டில் ஜெபமாலையோடு நின்ற அவர் மனைவி விஜிலா முகம் சுளித்தாள். "செத்தவரை எதுக்கு இப்பப் போய் இழுக்கீங்க?"

"ஏளா, உன் அண்ணன் ஆன்றோவைத்தான சொல்லுதேன். ஊரான் வீட்டு ஆளையா?"

விஜிலா குரலைத் தாழ்த்தினாள். "எங்க ஆளுகள்ல, கடலுக்குள்ள இறங்குதவருக்குப் பொஞ்சாதியோட கூடப்பிறந்தவன்தான் கயிறு பிடிப்பான், சிஸ்டர். மத்தவன் அசந்துருவான். இவன் தங்கச்சி தாலிய நெனச்சு விட மாட்டான். இவரு மேல வந்து வள்ளத்துப் பலகையில ரெண்டு தட்டு தட்டுனாத்தான் எங்க அண்ணன் கயித்தை விடுவாரு."

"போன மாசியில நான் அடியில கெடக்கேன்" என்றார் ரோச். "அவன் மேல வள்ளத்துல நெஞ்சடைச்சுப் போயிட்டான். கயித்தைப் பிடிச்சு ஏறி வந்து பாக்கேன், உசிரு இல்லை. பிடி மட்டும் இருக்கு."

"விரலைப் பிரிக்கவே முடியலை" என்றாள் விஜிலா. "ரெண்டு பக்கமும் கயித்தை அறுத்து, கைக்குள்ள இருந்த துண்டோடயே அடக்கம் பண்ணுனோம்."

"நீங்க தட்டலையா?" ஈவாஞ்சலின் ஏன் அப்படிக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"செத்தவனுக்கு என்னத்தைத் தட்ட?"

சற்று நேரத்தில் ரோச்சின் பேச்சு குழறியது. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. ரத்த வங்கியிலிருந்து பை வாங்கி வர விஜிலா ஓடினாள். குளிரில் நடுங்கிய அவர் காலுக்கு ஈவாஞ்சலின் ஒற்றைக் கையால் கம்பளியை இழுத்துவிட்டாள்.

மழை ஜன்னலை அறைந்தது. அவள் மணிக்கட்டு மரத்துப்போனது. பிறகு முழங்கை. தோளில் தீப்பிடித்ததுபோல் வலித்தது. விரல் இம்மி நழுவினாலும் தோலுக்கடியில் சூடாக ஒன்று புடைத்துக் கிளம்புவது தெரிந்தது. பல்லைக் கடித்து மறுபடி அழுத்தினாள். யாராவது ஒரு நிமிடம் மாற்றிவிட்டால் போதும் என்று நினைத்தாள்.

அப்போதுதான் அந்த வாடை வந்தது.

டெட்டால் வாடைக்கு நடுவே நனைந்த கயிற்றின் வாடை. கூடவே வெயிலில் கிடந்து அழுகிய சங்குச் சதை.

அவள் விரல்களுக்குக் கீழே ஏதோ நுழைந்தது.

குளிர்ச்சியாக. ஈரமாக.

பதறிக் கையை எடுத்துவிட்டாள். ரத்தம் பீறிடும் என்று காத்திருந்தாள்.

ஒரு சொட்டும் வரவில்லை.

தொடையிடுக்கில் நான்கு பள்ளங்கள் வரிசையாக அமுங்கியிருந்தன. மேலே கை எதுவும் இல்லை.

கத்த வாய் திறந்தவள் கத்தவில்லை. வலி நின்றிருந்தது. ரத்தமும் நின்றிருந்தது. மானிட்டரில் அழுத்தம் மெல்ல ஏறியது. எதுவாக இருந்தாலும் அது அவரைக் காப்பாற்றுகிறது என்று தோன்றியது. மரத்த கையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பள்ளங்களையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

விஜிலா ரத்தப் பையோடு வந்து சேர்ந்தபோதுதான் டாக்டர் சொன்ன மற்றொன்று நினைவுக்கு வந்தது. கம்பளியை விலக்கினாள்.

பாதம் மெழுகுபோல் வெளுத்திருந்தது. விரல் நுனிகள் நீலம் பூத்திருந்தன. நாடியைத் தேடினாள். இல்லை.

பள்ளத்துக்குள் தன் விரலை நுழைத்து நெம்பப் பார்த்தாள். எலும்பில் முட்டியதுபோல் விரல் நின்றது.

விஜிலாவும் அந்த வாடையை முகர்ந்தாள். கட்டிலருகே வந்து மிக மெதுவாக, "அண்ணே" என்றாள். "விட்டுரு. அவரு மேல வந்துட்டாரு."

பள்ளங்கள் இன்னும் ஆழமாயின.

விஜிலா கணவனின் துவண்ட கையைத் தூக்கினாள். கட்டிலின் இரும்புக் கம்பியில் உள்ளங்கையை அறைந்தாள்.

ஒரு தட்டு.

இன்னொரு தட்டு.

பள்ளங்கள் மேலெழும்பின. ரத்தம் ஈவாஞ்சலினின் கழுத்தில் அடித்தது. அவள் உடல் பாரம் முழுவதையும் கையில் இறக்கினாள். பீறிட்டது அடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினாள். பாதத்தை வருடிக்கொண்டிருந்த விஜிலா, "சூடு வருது சிஸ்டர்" என்று அழுதாள்.

ஸ்டென்ட் வந்தது. உள்ளே மேசையும் காலியாகியிருந்தது. கட்டிலை உருட்டிக்கொண்டு ஓடும்போதும் ஈவாஞ்சலின் கையை எடுக்கவில்லை. டாக்டர் இடது தொடை வழியாகக் குழாயை விட்டு, கிழிசலுக்கு மேலே பலூனை ஊதி ரத்தத்தை நிறுத்தினார். "இப்ப விடலாம்" என்றார். அவள் விலகிச் சுவரோரம் போய் நின்றாள். ஸ்டென்ட் சரியாக உட்கார்ந்தது. பலூனைச் சுருக்கினார்.

"பாதம் வரைக்கும் ஓடுதான்னு பாத்துட்டு முடிச்சிடலாம்."

எக்ஸ்ரே திரையில், ரத்த ஓட்டத்தைக் காட்டும் சாய மருந்து கறுப்பாக இறங்கியது. இடுப்பைக் கடந்தது. தொடையிடுக்கில் வந்து நின்றுவிட்டது.

டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "ஈவாஞ்சலின், கையை எடுங்க. படத்துல விரல் விழுது."

"சார், நான் இங்க நிக்கேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். ரத்தம் காய்ந்த இரண்டு கைகளையும் அவள் மார்போடு கட்டியிருந்தாள். மேசையருகே அவரைத் தவிர யாரும் இல்லை. அவர் கைகள் இரண்டும் குழாயில் இருந்தன.

இருவரும் திரையைப் பார்த்தார்கள்.

நான்கு விரல்களின் எலும்புகள், கணு கணுவாக.

மேசையின் விளிம்பில் ரோச்சின் கை அசையாமல் கிடந்தது.

திரையில் அந்த எலும்புகள் சற்றே நகர்ந்து, வாகாக இடம் பார்த்து, மறுபடி இறுகின.