மூன்றாவது கூப்பாடு

செல்போன் அலறியது!

திருவள்ளூர் கோர்ட் வாசலில், ஏ.சி. காருக்குள் சாய்ந்திருந்த அரசப்பன் எடுத்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் செம்புக் கம்பி ஃபேக்டரி முதலாளி. விரலுக்கு ஒரு மோதிரம். வாயைத் திறந்தால் விஷம்.

"அண்ணே... துலுக்காணம் பேசறேன். கவரைப்பேட்டைல அந்தம்மா ஊடு பூட்டிக் கெடக்குதுண்ணே!"

"இன்னாடா சொல்ற? இளமதி கோர்ட்டு பக்கம் வரக் கூடாதுன்னுதானே உன்ன அனுப்பினேன்?"

"விடிகாலைலயே கார் வந்து இட்டுக்கினு போச்சாம்..."

"தூ! போனை வைடா சோம்பேறி!"

நிமிர்ந்தான். எதிரே இளமதி!

கையில் ஃபைல். தலையில் இரண்டு முழம் மல்லிகை!

கண்ணாடியை இறக்கினான்.

"புருஷன் செத்து வருசங்கூட ஆவல. பூ ஒரு கேடா?"

"என் தாலிச் சங்கிலிய வித்து வாங்குன மெஷின் உன் ஷெட்டுல ஓடுது. அத மீட்காம இங்கேருந்து போவ மாட்டேன்!"

"போடீ!"

விஷயம் இதுதான். இளமதியின் கணவன் சந்திரமோகன், அரசப்பனின் பழைய கூட்டாளி. பிரிந்துபோய், கடல் தாண்டிக் கரோம்பா நாட்டில் கம்பி ஃபேக்டரி போட்டான். போன வருடம் அந்த நாட்டின் வடக்கைக் கலகக்காரர்கள் பிடித்தார்கள். 'வட கரோம்பா அரசு' என்று போர்டு மாட்டினார்கள். எந்த நாடும் அதை அங்கீகரிக்கவில்லை. ஆனாலும் முத்திரை மட்டும் சப்பாத்தி அளவுக்குச் செய்துகொண்டார்கள்! சந்திரமோகனின் மெஷினைப் பறிமுதல் செய்து ஏலம் விட்டார்கள். எடுத்தவன் அரசப்பன். அதே முத்திரையோடு இளமதிக்கும் ஒரு காகிதம் வந்தது.

கணவனின் மரணச் சான்றிதழ்!

கோர்ட் கூடியது. இளமதியின் வக்கீல் கல்பனா எழுந்தாள்.

"யுவர் ஆனர், முதல்ல ஒரு மெமோ..."

"உக்காருங்கம்மா! முதல்ல நான்!" அரசப்பனின் வக்கீல் பூவராகவன் பாய்ந்தார். "ஒரு வெளிநாட்டு அரசு தன் மண்ணுல பறிமுதல் பண்ணின மெஷின். என் கட்சிக்காரர் முறைப்படி ஏலம் எடுத்தார். அதை நாம கேள்வி கேக்க முடியாது!"

"எந்த அரசு?" நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இந்தியா அதை அங்கீகரிக்கவே இல்லையே! அந்தப் பறிமுதலை நான் ஏன் ஒத்துக்கணும்? சட்டப்படி மெஷின் இன்னும் சந்திரமோகனோடது."

பூவராகவனுக்கு வியர்த்தது. ஆனால் மனிதர் கில்லாடி. சட்டென்று கட்சி மாறினார்!

"அப்படின்னா அவங்க கொடுத்த டெத் சர்டிபிகேட்டும் செல்லாது! சந்திரமோகன் சட்டப்படி உயிரோட இருக்கார். இந்தம்மா வாரிசே இல்ல!"

"பிறப்பு, இறப்புன்னா கதை வேற. சாதாரண ஜனங்க கஷ்டப்படக் கூடாதுன்னு அந்த மாதிரி காகிதத்தை ஏத்துக்க வழி இருக்கு."

"கூடாது யுவர் ஆனர்! சொந்தக்காரர் சந்திரமோகன்தானே? அவரையே கூப்பிடச் சொல்லுங்க. மூணு தடவை! வரலைன்னா கேஸைத் தள்ளுங்க!"

அரசப்பன் தொடையில் தட்டிக்கொண்டான். வக்கீல்னா இவருதான்யா!

நீதிபதி திரும்பினார். "கல்பனா?"

"ஆட்சேபணையே இல்லை, யுவர் ஆனர்."

டவாலி வாசலுக்குப் போனார். தொண்டையைச் செருமினார்.

"சந்திரமோகன்...!"

யாருமில்லை.

"சந்திரமோகன்...!"

அரசப்பன் இளமதியைப் பார்த்து இளித்தான். "சத்தமா கூவச் சொல்லு. சொர்க்கத்துல கேக்கணும்ல?"

"சந்திரமோகன்...!"

"கீறேன்யா... வந்துட்டேன்!"

தாடி. ஒட்டிய கன்னம். நொண்டிக்கொண்டே உள்ளே வந்தான்...

சந்திரமோகன்!

அரசப்பன் துள்ளி எழுந்தான். மூளைக்கு முன்னால் வாய் ஓடியது.

"எப்டிடா? உன்ன சுட்டுட்டேன்னு அந்த கலகக்கார கேப்டன் வீடியோ அனுப்புனானே! அதுக்குத்தானே அவ்ளோ டப்பு வாங்கினான்!"

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. பூவராகவன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"வானத்தப் பாத்து சுட்டான்டா. உங்கிட்ட துட்டு வாங்கிக்கினு என்னை சுரங்கத்துல தள்ளிட்டான். தப்பிச்சு, விடிகாலைலதான் மீனம்பாக்கத்துல எறங்குனேன். இவ வந்து இட்டாந்தா."

இளமதி மல்லிகையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அழுதாள். சிரித்தாள்.

"அந்த மெமோ இதுதான் யுவர் ஆனர்," என்றாள் கல்பனா. "சார்தான் படிக்க விடலை."

காலையில் சந்திரமோகன் கொடுத்த புகாரின் பேரில் கடைசி பெஞ்சில் மஃப்டியில் இருந்த இன்ஸ்பெக்டர் பரணிதரன் எழுந்து வந்தார். அரசப்பனின் தோளில் கை போட்டார். அவன் திமிறினான்.

"விடு சார்! எது நடந்தாலும் வட கரோம்பால நடந்துது! அந்த நாட்டையே நீங்க ஒத்துக்கலியே!"

"அத ஒத்துக்கலதான்," என்றார் பரணிதரன். "புழல் ஜெயில ஒத்துக்கிறோம். ஏறு வண்டில!"