மீரான், அந்தக் காரைத் தொடாதே!

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்!

போர்ட் பிளேர், அபர்டீன் பஜார் துணிக்கடையில் டெலிபோன் அலறியது.

சட்டைத்துணி வெட்டிக்கொண்டிருந்த மீரான் கத்தரிக்கோலைச் சட்டைப் பையில் செருகிவிட்டு ரிசீவரை எடுத்தார்.

"மீரான் பாய், உங்களுக்கு ஒரு கால்... பேசுங்க." எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர் சந்திரமதி.

க்ளிக்!

அடுத்து வந்தது ஒரு கரகரத்த குரல். ஆணா, பெண்ணா, வெறும் ஜலதோஷமா... தெரியவில்லை.

"மீரான்... ஓவர்சியர் ஜெயராமனோட காரை வாங்கப் போறியா?"

"நீங்க யாரு?"

"வாங்காத! வாங்கின... இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள உன் கதை முடிஞ்சிடும்!"

டொக்!

மீரானுக்கு வியர்த்தது. போனைத் தட்டி எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டார்.

"சந்திரமதி! இப்பப் பேசினது யாரும்மா?"

"தெரியலையே பாய். லைன் சரியில்ல."

1967-ல் போர்ட் பிளேரில் இருந்த போன்களே கொஞ்சம். யார் தும்மினாலும் பேர் சொல்லிவிடும் சந்திரமதிக்கு இந்தக் குரல் மட்டும் தெரியவில்லையாம்! மீரான் அங்கேயே யோசித்திருக்க வேண்டும்.

யோசிக்கவில்லை. மனிதர் பயப்படுவதில் பிஸியாக இருந்தார்!

விஷயம் இதுதான். மகள் சம்சாத் தலைப்பிரசவத்துக்கு, ஊருக்கு வெளியே டாலிகஞ்சில் இருந்த அவர் வீட்டுக்கு வந்திருந்தாள். நிறைமாதம். ஆஸ்பத்திரியோ ஊருக்குள்ளே. வலி எடுத்தால் எதில் கூட்டிப்போவது? இடுப்பு வலி பஸ் டைம் பார்த்தா வரும்?

ஊரில் விலைக்கு வந்திருந்தது ஒரே ஒரு கார். ஷாதிபூரில் இருந்த ஓவர்சியர் ஜெயராமனுக்கு மெயின்லேண்டுக்கு மாற்றல். இன்று நாலு மணிக்கு அவருக்குக் கப்பல். கார் பதினாறு வயதுக் கிழம்.

இருபது நாளாக மீரான் தினமும் போய் பானெட்டைத் திறந்தார், மூடினார், டயரை உதைத்தார், திரும்பி வந்தார். வாங்கினால் பாதி வழியில் நின்றுவிடுமோ? வாங்காவிட்டால் பிள்ளை நடந்தா போவாள்?

"முடிவு என்னங்க?" என்று மனைவி ஜைனப் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்.

"பாக்கலாம்."

ட்ரிங்... ட்ரிங்!

மறுபடியும் போன்! இந்த முறை வேறு குரல். மெல்லிசாக, மூச்சு வாங்கிக்கொண்டு...

"அந்தக் காருக்குள்ள... என்ன இருக்குன்னு... உனக்குத் தெரியாது... தொடாத... ஆஆஆ!"

அலறல்!

லைன் கட்!

மீரான் ரிசீவரைப் பொத்தென்று வைத்தார்.

"யா அல்லா... குத்திட்டானுங்க! பேசிட்டிருந்த ஆளையே குத்திட்டானுங்க!"

அடுத்த விநாடி அவர் மூளை வேலை செய்யத் தொடங்கியது. அதுதான் ஆபத்து!

'ஒரு ஓட்டைக் காருக்காக ஒருத்தன் மிரட்டுறான்... ஒருத்தன் சாவுறான்... அப்ப காருக்குள்ள என்னமோ பெருசா இருக்கு!'

பெட்டியிலிருந்த பணத்தை அள்ளினார். கடையைப் பூட்டினார். ஷாதிபூருக்கு ஓட்டமாக ஓடினார்.

ஜெயராமன் டிரங்குப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"சார்! காடி எனக்குத்தான்! இந்தக் காரை நானே வாங்கிக்கறேன்!"

"யோசிச்சுட்டீங்களா பாய்? நான் எதையும் மறைக்க விரும்பல. ரேடியேட்டர் ஒழுகுது."

"அச்சா!"

"கிளட்ச் தேஞ்சு போச்சு."

"டீக் ஹை!"

"உப்புக்காத்துல அடித்தகடு அரிச்சிருக்கு. காலுக்குக் கீழ ரோடு தெரியும்."

"காத்தோட்டமா இருக்கும்ல சார்!"

"ஒரு நட்டு வேணும்னாலும் மெட்ராஸ்லேர்ந்து கப்பல்ல வரணும்..."

"வரட்டும் சார்! எங்க போயிடப் போகுது கப்பலு?"

ஜெயராமன் மிரண்டுபோனார். இருபது நாளாக டயரை உதைத்த ஆளா இது?

"பாய், உங்க நல்லதுக்குச் சொல்றேன். மனசு சரியில்லன்னா விட்டுடுங்க. வேணாம்."

மீரானின் கண்கள் சுருங்கின.

'ஓஹோ! நீயும் கூட்டா?'

கேட்ட விலையை அப்படியே கொடுத்தார். ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல்! துணி வியாபாரி!

கடை வைப்பதற்கு முன் லாரி ஓட்டிய கை. உறுமிக்கொண்டே கார் டாலிகஞ்ச் வந்து சேர்ந்தது.

வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு நாலாபக்கமும் பார்த்தார். யாருமில்லை.

தங்கமா? வைரமா?

சட்டைப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். பின் சீட்டை நோக்கி ஓங்கினார்...

"மீரான்... கத்தரிக்கோலைக் கீழ போடு!"

முதுகுக்குப் பின்னால்... அதே கரகரத்த குரல்!

கத்தரிக்கோல் விழுந்தது. இரண்டு கைகளும் மேலே போயின.

"ஒண்ணும் பண்ணிடாதீங்க! வீட்டுல புள்ளத்தாச்சிப் பொண்ணு இருக்கு!"

"திரும்பு!"

திரும்பினார்.

முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தபடி... ஜைனப்!

"நீ... நீயா?"

"பின்ன? சீட்டைக் கிழிச்சா யாரு தைக்கிறதாம்?"

"எக்ஸ்சேஞ்சுல..."

"சந்திரமதிதான் பக்கத்துல ஸ்டூல் போட்டுக் குடுத்தா. டீயும் வாங்கிக் குடுத்தா!"

"எதுக்குடி இதெல்லாம்?"

"வாங்குங்கன்னு இருபது நாளு கெஞ்சினேன். அசையல. வாங்காதன்னு ஒரு தடவதான் சொன்னேன், வாசல்ல காடி நிக்குது! கப்பல் ஏறாதன்னு உங்க ஊரே தடுத்ததுனாலதானே நீங்க இந்தத் தீவுக்கே வந்தீங்க?"

சிரித்துக்கொண்டிருந்தவளின் கண் சட்டென்று கலங்கியது.

"எனக்கு வேற வழி தெரியலங்க. அவளுக்கு ஒண்ணுன்னா நான் தாங்க மாட்டேன்."

மீரானின் கோபம் அங்கேயே கரைந்தது. மீசையைத் தடவிக்கொண்டார்.

"அது சரி... ரெண்டாவது போன்ல ஒரு ஆளைக் குத்தினியே, அது கொஞ்சம் ஜாஸ்திடி!"

"ரெண்டாவதா?" ஜைனப்பின் முகம் வெளுத்தது. "நான் ஒண்ணுதாங்க பண்ணேன்!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

அப்படியானால்... செத்தது யார்?

"உம்மாஆஆஆ!"

வீட்டுக்குள்ளிருந்து அலறல்!

சம்சாத்துக்கு வலி எடுத்துவிட்டது!

"சலோ! சலோ!" மீரான் மகளைத் தூக்கிப் பின் சீட்டில் படுக்க வைத்தார். ஜைனப் மடியில் அவள் தலை. கார் இருமியது... உதறியது... கிளம்பியது!

"ரெண்டாவது... நான்தான் வாப்பா," பின்னாலிருந்து முனகல். "பக்கத்து ஆபீஸர் வீட்டு போன்ல... உம்மா ஒருத்தி மிரட்டினா... உங்களுக்குப் பத்தாதுன்னு..."

"அடிப்பாவி! அந்த அலறல்? அச்சு அசலா இருந்துச்சே!"

"அது நடிப்பில்ல வாப்பா! மொத வலியே... அப்பத்தான் வந்துச்சு!"

மீரான் ஆக்சிலேட்டரை மிதித்தார்.

பானெட்டிலிருந்து புகை. காலுக்குக் கீழே ஓடும் ரோடு. மேட்டில் ஏற மறுத்து கார் முனகியது.

"என் கண்ணு... என் தங்கம்... ஏறும்மா!"

"யாரைக் கொஞ்சுறீங்க? மகளையா?"

"காரை!"

மேடு ஏறியது. வளைவு திரும்பியது. அதோ ஆஸ்பத்திரி!

சரியாக வாசல் படிக்கு எதிரே, ஓர் அடி முன்பின் இல்லாமல் கார் நின்றது. நர்சுகள் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தார்கள்.

மகளோடு இறங்கிய ஜைனப் பூரித்துப்போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"எம்புட்டு அழகா பிரேக் போட்டீங்க!"

மீரான் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"பிரேக்கா? நான் எங்கடி போட்டேன்!"