கத்தரிப் பாத்தியில் கிடந்த கோழிகள்

1978 பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறே முக்கால்.

அம்சவேணி போட்ட அலறலில் மோதி பாக் அரசாங்க குவார்ட்டர்ஸின் அந்த பிளாக் முழுவதும் எழுந்து ஓடிவந்தது. அவள் வளர்த்த ஆறு கோழிகளும் பக்கத்து வீட்டு மீனாக்ஷியின் கத்தரிப் பாத்தியில் செத்துக் கிடந்தன. சுற்றிலும் சோறு இறைந்து கிடந்தது.

யார் கொன்றது என்று யாரும் யோசிக்கவில்லை. அன்று அந்த பிளாக்கில் கத்தியவர்கள்தான் அதிகம்.

இரண்டு கீழ்வீடுகளுக்கும் பொதுவாக ஒரே தோட்டம். அம்சவேணியின் குழந்தை அதில்தான் விளையாடும்; கோழிகளும் பகலெல்லாம் அதில் திரியும். மீனாக்ஷி நட்டதையெல்லாம் கிளறிப் போடும். முந்தின நாள் சாயங்காலம் புது நாற்று அத்தனையும் வேரோடு போனது. "இன்னொரு தரம் என் பாத்தியில கால் வெச்சா விஷம் வெச்சுடுவேன்" என்று அவள் கத்தியதைத் தெருவே கேட்டது.

"சொன்னபடி செஞ்சிட்டா பாவி" என்றாள் அம்சவேணி. "கோவம்னா என்னை அடிச்சிருக்கலாமே. வாயில்லாத ஜீவனுங்க என்ன பண்ணுச்சு?"

"கோவத்துல சொன்னேன். நான் வெக்கலை" என்றாள் மீனாக்ஷி. ஒருவர்கூட நம்பவில்லை.

மீனாக்ஷிக்குப் பயம் வந்துவிட்டது; அதற்குக் காரணம் இருந்தது. கணவருக்குக் கௌஹாத்திக்கு மாற்றல். மகளுக்கு மார்ச்சில் பொதுப் பரீட்சை. அதுவரைக்கும் என்று கெஞ்சி வாங்கிய அனுமதியில்தான் அந்த வீட்டில் இருந்தாள். ஒரு புகார் போனால் போதும், பெட்டி படுக்கையோடு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

அந்தப் புகாரை அம்சவேணியின் கணவன் கலியமூர்த்தி எழுதிவிட்டான். ஒன்பது மணிக்குள் பிளாக்கில் எல்லா வீட்டிலும் கையெழுத்து வாங்கி, கடைசியாகக் காலனி சங்கச் செயலாளர் இராஜமாணிக்கத்திடம் வந்தான். ராணுவப் போலீஸில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலூர்க்காரர். மூக்கு நுனியில் கோபம்.

"பார்க்காம கையெழுத்துப் போடற பழக்கம் எனக்கு இல்லை. நட" என்றார்.

தோட்டத்தில் அம்சவேணி ஒரு கோழியை மடியில் வைத்துக்கொண்டு, மறு கையால் காக்கைகளை விரட்டிக்கொண்டிருந்தாள். விரட்ட விரட்ட அவை சோற்றுக்கே திரும்பி வந்தன.

"விடிஞ்சதுலேருந்து இதே ரோதனை, ஐயா. ஒரு பக்கம் கோழி செத்துக் கெடக்குது, இதுங்களுக்குத் தீனி கேக்குது."

இராஜமாணிக்கம் குனிந்து ஒரு கோழியின் அலகை முகர்ந்தார். கெட்டுப்போன பூண்டு வாடை.

"எலி பாஷாணம்" என்றார். "கோழிங்க ராத்திரி எங்க அடையும்?"

பின் வராந்தாவில் ஒரு மரப்பெட்டி. கதவில் பூட்டு. பக்கத்தில் புது ஸ்கூட்டர், அதன் பின்னால் சுவரில் சாய்த்த தகரங்கள். பெட்டியின் உள்பலகை நனைந்திருந்தது.

"சாவி?"

"எங்க சமையல்கட்டு ஆணியில."

"நேத்து அடைச்சது யாரு?"

"இவருதான். நான் சண்டையில அழுதுட்டுப் படுத்துட்டேன்."

"காலையில?"

"நான்தான் சார்" என்றான் கலியமூர்த்தி. "பால் டிப்போவுக்குப் போறப்ப திறந்துவிட்டேன். நேரா பாத்திக்கு ஓடுச்சுங்க. அந்தம்மா போட்டு வச்சிருந்த சோத்தைத் தின்னுடுச்சுங்க."

"அச்சா. தகரம் எதுக்கு?"

"ஸ்கூட்டருக்கு ஷெட் போடலாம்னு."

"எங்க?"

அம்சவேணிதான் பதில் சொன்னாள். "தோட்டத்துல போடணும்னாரு. நானும் விடலை, அந்தம்மாவும் விடலை. அந்த ஒண்ணுலதான் நாங்க ரெண்டு பேரும் ஒத்துப்போனோம்."

இராஜமாணிக்கம் பாத்திக்குத் திரும்பினார். எல்லோரும் பின்னால் போனார்கள். காக்கைகள் சோற்றில் பாதியைத் தீர்த்திருந்தன.

"கண்ணு இருக்குதா உங்களுக்கெல்லாம்?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "விடிஞ்சதுலேருந்து காக்கா இந்தச் சோத்தைத் தின்னுது. ஒரு காக்கா செத்துச்சா?"

எல்லோரும் பாத்தியைச் சுற்றிச் செத்த காக்கையைத் தேடினார்கள்.

"இதுல விஷம் இல்லை. இது சும்மா இறைச்ச சோறு. கோழிங்க விஷம் தின்னது காக்கா எட்டாத இடத்துல. நேத்து பொழுது சாயறப்ப, அந்தப் பெட்டிக்குள்ள. செத்ததை இருட்டோட தூக்கி வந்து இங்க போட்டு, பெட்டியைக் கழுவியாச்சு. அம்சவேணி, நீ பெட்டியைக் கழுவினியா?"

"இல்லை ஐயா. நான் சாம்பல்தான் போடுவேன்."

"மீனாக்ஷியம்மாவுக்கு உன் சமையல்கட்டு ஆணி எட்டாது. அடைச்சவன் இவன், திறந்தவன் இவன். கோழி உசிரோட ஓடுச்சுன்னு பொய் சொன்னவனும் இவன்தான்." அவர் குரல் உயர்ந்தது. "அந்தம்மா வாய்தவறிச் சொன்னதைப் பிடிச்சுக்கிட்டே. கோழியும் போகும், அந்தம்மாவும் போகும், அடுத்தவன் குடிவரதுக்குள்ள ஷெட் நின்னுடும். உன் குழந்தை விளையாடற மண்ணுன்னு இங்க மட்டும் விஷம் வைக்கலை. அந்த அறிவு இருந்ததே, ஒரு பொண்ணோட படிப்பைக் கெடுக்கறோமேங்கற அறிவு எங்கய்யா போச்சு?"

"ஆறு கோழிக்கு இத்தனை பேச்சா சார்?" என்றான் கலியமூர்த்தி. மறுக்கவில்லை.

அதைக் கேட்டதும் அம்சவேணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. காலையிலிருந்து எவளை வாய்க்கு வந்தபடி ஏசினாளோ, அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றாள் மீனாக்ஷி. அவள் கோபமும் தீரவில்லை. "கையெழுத்துப் போட்டவா அத்தனை பேரும் என்னைக் கொலைகாரின்னு நினைச்சிண்டிருக்கா. என் பொண்ணு நாளைக்கு அவா நடுவுலதான் பள்ளிக்கூடம் போகணும். அதுக்கு என்ன பண்ணப் போறேள்?"

அம்சவேணி அதுவரை கையிலேயே வைத்திருந்த கோழியைக் கணவன் கையில் திணித்தாள். அவனிடமிருந்த புகார் மனுவைத் தான் வாங்கிக்கொண்டாள்.

"வாங்க" என்றாள்.

"எங்க?"

"கையெழுத்து வாங்கின வீட்டுக்கெல்லாம்."

மாடிப்படியில் அவன் இரண்டு முறை நின்றான். இரண்டு முறையும் அவள் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். முதல் வீட்டுக் கதவை அவளே தட்டினாள். கதவைத் திறந்தவர் அவன் கையிலிருந்த கோழியையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கலியமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டான்.

"சொல்லுங்க" என்றாள் அம்சவேணி. "கீழே அந்தம்மாவுக்குக் கேக்கற மாதிரி சொல்லுங்க."